விளக்கை இறக்கிவைத்த ட்ரில் டீச்சர்

போன வாரம் திருப்பதியில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஓர் ஓட்டல் வாசலில் வெள்ளை அம்பாசிடர் ஒன்று நின்றுகொண்டிருந்தது. அதன் தலையில் சிவப்பு விளக்கு சுற்றிக்கொண்டிருந்தது. யாருக்கு என்ன ஆபத்தோ என்று எட்டிப் பார்த்தேன். வண்டிக்குள் ஒருவரும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து டிரைவர் ஓட்டலுக்குள்ளிருந்து இட்லிப் பொட்டலமும் சாம்பார்த் தூக்கும் எடுத்துக்கொண்டு வந்தான். சாம்பார் தளும்பிவிடக் கூடாது என்று ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்து வந்தான். மேலே விளக்கு சுற்றோ சுற்று என்று சுற்றுகிறது, கீழே இவன் கல்யாணப் பெண் மாதிரி நடந்து வருகிறான்.

எனக்குக் காது மடல் சூடாகிவிட்டது. கை தன்னால் நெஞ்சுக்குப் போனது. அங்கே விசில் எதுவும் தொங்கவில்லை. நான் விசில் கட்டிக்கொள்ளும் ஆளும் இல்லை. அந்தக் கோபமும் அந்தக் கையும் சித்தூரில் ஒரு ட்ரில் டீச்சரிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டவை. அந்த டீச்சர் மேலேயே எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. அது இதைவிடப் பெரியது. இரண்டையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் கொஞ்சம் அடங்குமா என்று பார்க்கிறேன்.

அவர் மிஷன் பெண்கள் பள்ளியில் ட்ரில் டீச்சர். நல்ல உயரம். புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக் குத்தி, வெள்ளை கேன்வாஸ் ஷூ போட்டிருப்பார். கழுத்தில் செயின் கிடையாது. பழுப்பு ஷூ லேஸ் ஒன்றில் விசில் தொங்கும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வரும்போதும் விசிலைக் கழற்ற மாட்டார். எங்கள் சபையில் வாசலில் கிடக்கும் செருப்புகளுக்கு நடுவே அந்த ஷூ ஜோடி கிடந்தால், உள்ளே பாடல் எப்படி இருக்கும் என்று வெளியிலேயே சொல்லிவிடலாம். சுருதி என்று ஒன்று உண்டு என்பதே அவருக்குத் தெரியாது. ஆனால் குரல் கூரையை எட்டும்.

பள்ளிக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. ஒன்றில் அவர் இருந்தார். இன்னொன்றில் விளக்குகள் இருந்தன. ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, போலீஸ் வண்டி இவற்றின் தலையில் எரிந்த பழைய எச்சரிக்கை விளக்குகள், மொத்தம் பதினேழு. ஒவ்வொன்றும் ஒரு தேயிலைப் பெட்டிக்குள், இலவம் பஞ்சு அணைப்பில், பல்பு தனியே கழற்றப்பட்டுத் தூங்கிக்கொண்டிருக்கும்.

மாவட்டத்திலேயே இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் அப்போது இரண்டே பேர். இன்னொருவன் நான். நைனாவுக்கு லாரி சாமான் கடை; அங்கே வரும் பழைய இரும்பில் ஒரு முறை நீலக் கண்ணாடி மூடி ஒன்று கிடைத்தது. அதை வெயிலில் வைத்துப் பார்த்த அன்றே நான் கெட்டுப்போனேன். திருப்பதியில் பி.எஸ்.சி. பிசிக்ஸ் சேர்ந்த பிறகு ஹாஸ்டல் செலவில் மிச்சம் பிடித்து ஐந்து விளக்கு சேர்த்துவிட்டேன். கண்ணாடியில் ஓடும் வரிகள், உள்ளே சுற்றும் பாதரசப் பூச்சுத் தகடு, நிமிஷத்துக்கு எத்தனை சுற்று, ஆறு வோல்ட்டா பன்னிரண்டா என்று எதைப் பற்றிக் கேட்டாலும் மூச்சு விடாமல் பேசுவேன். கேட்கத்தான் ஆள் கிடையாது.

டீச்சரை முதல் முதலாகச் சந்தித்தது சித்தூர் காயலான் கடையில். தீயணைப்பு வண்டியின் பழைய விளக்கு ஒன்று வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு ஓடினேன். நான் அடிப்பாகத்தைப் பிடித்த அதே நேரத்தில் மேலே கண்ணாடியை ஒரு கை பிடித்தது.

"எதுக்கு ஒனக்கு இது?"

"அழகா இருக்குது டீச்சர்."

"அழகு பாக்கணும்னா போயி மொகம் பாக்கற கண்ணாடி வாங்கு. வுடு."

கடைக்காரர் பெண் அவரிடம் ட்ரில் படிக்கிறாள். விளக்கு யாருக்குப் போனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அன்றிலிருந்து எனக்கு அவர் வைத்த பெயர் பி.எஸ்.சி. "ஏய் பி.எஸ்.சி., சைக்கிள்ல போய்க்கினு இன்னாத்த யோசிக்கிறே, முன்னாடி பாத்து ஓட்டு" என்று தெரு முனையிலிருந்து சத்தம் போடுவார்.

நான் விளக்கு சேர்த்தேன். அவர் விளக்கைக் கைது செய்தார் என்றுதான் சொல்ல வேண்டும். அழகு, பழமை, அபூர்வம் எதுவும் அவருக்குப் பொருட்டில்லை. ஒரு விளக்கு வெறுமனே எரிவதைப் பார்த்தால் அவருக்குப் பொறுக்காது. அதற்கு மேல் அது இறங்கி அவர் பெட்டிக்குள் படுக்கும் வரை ஓய மாட்டார்.

ஒரு காண்ட்ராக்டர் காரை நிறுத்தியதை நான் கண்ணால் பார்த்தேன். காலை வேளை; டீச்சர் நாற்பது பெண்களை இரட்டை வரிசையில் மைதானத்துக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தார். எதிரே பூமாலை சுற்றிய கார், மேலே சிவப்பு விளக்கு, நீளமாக ஹாரன். டீச்சர் ஒரு விசில் ஊதினார். நாற்பது பெண்களும் நடு ரோட்டில் அட்டென்ஷனில் நின்றுவிட்டார்கள்.

டீச்சர் கார் கண்ணாடி வழியாகக் குனிந்தார். "உள்ள யாரு?"

"இன்னா டீச்சர், என்னத் தெரியலயா?"

"உன்னத் தெரியும். உள்ள யாரு சாவக் கெடக்கறாங்க? யாருக்காவது வலி வந்துகினு இருக்குதா? எங்கியாவது வீடு பத்திக்கினு எரியுதா?"

"தம்பி கல்யாணத்துக்குப் போறோம் டீச்சர். முகூர்த்தத்துக்கு நேரமாச்சு."

"முகூர்த்தத்துக்கு நேரமாச்சுன்னா காலைல சீக்கிரம் எழுந்துக்கணும். எறக்கு அத."

பெண்கள் அசையவில்லை. பின்னால் மாட்டு வண்டிகள் சேர்ந்தன, பஸ் ஒன்று வந்து நின்றது, டிரைவர்கள் இறங்கி வந்து வேடிக்கை பார்த்தார்கள். ஒருவன், "அண்ணே, எறக்கிக் குடுத்துடுங்க, அந்தம்மா நின்னா சாயந்தரம் வரிக்கும் நிக்கும்" என்றான். கல்யாணச் சட்டையோடு காண்ட்ராக்டரே ஏறி, விளக்கைப் பிடுங்கி டீச்சர் கையில் கொடுத்தார். டீச்சர் அதை வாங்கி, முந்தானையால் தூசியைத் துடைத்து, "தம்பிக்கு என்னோட ஆசீர்வாதத்தச் சொல்லு" என்று சொல்லி அனுப்பினார்.

சட்டம் ஒன்றும் அவர் கையில் இல்லை. அது அவருக்கும் தெரியும். "கேட்டுட்டா குடுத்துடுவாங்கடா. குத்தம் பண்றவனுக்குக் கேள்வி கேட்டாப் போதும்" என்பார்.

உள்ள யாரு. இந்த இரண்டு வார்த்தைதான் அவருடைய சட்டம், வேதம் எல்லாம். சினிமா விளம்பர வண்டிக்காரன் பழைய ஆம்புலன்ஸ் விளக்கைச் சுற்றவிட்டுக்கொண்டு நோட்டீஸ் போட்டபோது, மேட்னி ஓடும் நேரத்தில் போய் அதைக் கழற்றிக்கொண்டு வந்தார். கேட்டதற்கு, "உள்ள போய்ப் பாத்தேன். பசை வாளிதான் இருந்துச்சு" என்றார்.

அவர் பெட்டிகளில் எனக்கு உயிர் போகிற அளவுக்கு ஆசை இருந்தது முனிசிபாலிட்டி காலரா வண்டியின் விளக்கு மேல். மண்ணெண்ணெயில் எரிவது, முன்னால் உள்ளங்கை அகலத்துக்கு ரத்தச் சிவப்பில் கட்டிக் கண்ணாடி. அதை மட்டும் ஒரு முறை ஏற்றிக் காட்டச் சொல்லி இரண்டு வருஷம் கெஞ்சினேன்.

"காலரா வந்துக்குதா?"

"இல்ல டீச்சர்."

"அப்ப எதுக்கு எரியணும்?"

அவருக்கு ஏன் இந்த வெறி வந்தது என்றும் கேட்டிருக்கிறேன். ஒரு தடவை, தன் மாமன் மெட்ராஸில் தீயணைப்பு வண்டி ஓட்டினார் என்றார். இன்னொரு தடவை, சின்ன வயதில் வண்டிக்கு வழி விடாமல் நின்று அறை வாங்கியதாகச் சொன்னார். மூன்றாவது தடவை, "பொழுது போவல" என்றார். மூன்றும் பொய் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

இனி நாலு கண்ணுக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு வண்டி. பெரிய கேஸ் எல்லாம் அதில்தான் திருப்பதிக்குப் போகும். அதன் தலையில் இருந்த விளக்கு ஐம்பதுகளில் கடல் தாண்டி முதல் வண்டியோடு வந்தது. கவிழ்த்த சோற்றுச் சட்டி அளவுக்குச் சிவப்புக் கண்ணாடி. உள்ளே ஒரு தட்டில் நான்கு சின்ன விளக்குகள். தட்டு சுற்றும்போது நான்கும் நான்கு திசையில் பார்த்துக்கொண்டு ஓடும். முதல் வண்டி ஆறு வோல்ட். அது ஓடித் தேய்ந்து கண்டமாகி, பன்னிரண்டு வோல்ட் வண்டி வந்தபோதும் இந்த விளக்குக்காக மட்டும் சீட்டுக்கு அடியில் தனியாக ஓர் ஆறு வோல்ட் பேட்டரி வைத்து ஓட்டினார்கள். சித்தூர் தொடங்கி புத்தலப்பட்டு, சந்திரகிரி வரை ரோட்டோர ஜனங்களுக்கு அது ஆம்புலன்ஸ் இல்லை, நாலு கண்ணு வண்டி. வண்டி மாறியது அவர்களுக்குத் தெரியாது. விளக்குதான் வண்டி.

ஒரு வெள்ளிக்கிழமை அதைத் திருப்பதி ஸ்டேஷன் ரோட்டில் பார்த்தேன். மொட்டைத் தலை யாத்திரிகர் கூட்டம். நடுவே நாலு கண்ணும் சுற்ற வண்டி வந்தது. ஜனங்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு சிதறி ஒதுங்கினார்கள். மொட்டை போட்ட கிழவி ஒருத்தி, உள்ளே இருப்பவர் பிழைக்க வேண்டும் என்று வண்டியைப் பார்த்துக் கைகூப்பினாள். வண்டி என் பக்கமாகத் தாண்டும்போது உள்ளே பார்த்தேன். ஆஸ்பத்திரி மேனேஜர், மெட்ராஸிலிருந்து வந்த அவருடைய விருந்தாளிகள் மூன்று பேர், படுக்கைச் சுருட்டுகள். ஒருவர் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் சனிக்கிழமை சித்தூருக்கு வந்ததும் நேரே டீச்சர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். பாதி அந்தக் கிழவியின் கை. மீதிப் பாதி, இந்தம்மா எப்படியும் அதை இறக்கிவிடும், அப்போது அதன் உள்பக்கத்தைப் பார்த்துவிடலாம் என்கிற ஆசை.

"ஆரஞ்சா?" என்றார்.

"ஆமா டீச்சர்."

"ஸ்பேனர் எடுத்தாந்து குடு."

ஆஸ்பத்திரி வளாகத்துப் புளிய மரத்தடியில் வண்டி நின்றது. டிரைவர் அண்ணன் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். டீச்சர் பின்பக்க ஏணியில் ஏறினார். நான்கு போல்ட்டு. நைனா கடை ஸ்பேனர். ஷூ போட்ட காலால் வண்டி முகட்டை உதைத்துக்கொண்டு அவர் முறுக்கினார், நான் கீழே நின்று வாங்கினேன். நாலு கண்ணு என் மடியில் இருந்தது. அந்த நிமிஷம் எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது நினைக்கவே வெட்கமாக இருக்கிறது.

திருட்டுத்தனம் அவருக்குப் பிடிக்காது. டிரைவர் சீட்டில் ஒரு துண்டுக் காகிதம் எழுதி வைத்தார்: "விளக்கு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. மேனேஜர் நேரில் வந்து, இனி யாருக்காக எரியும் என்று சொல்லிவிட்டுப் பெற்றுக்கொள்ளவும்." கீழே முழுக் கையெழுத்து.

மேனேஜர் வரவில்லை. ஒரு பெண்பிள்ளை முன்னால் போய் நின்று கணக்கு ஒப்பிப்பதா என்று இருந்துவிட்டார். போலீசுக்கும் போகவில்லை; போனால் ஆரஞ்சுக் கதை வெளியே வரும். அந்த ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று, பேர் சொல்லாமல், "நம்முடைய வண்டியின் விளக்கை அபகரித்த கரங்களுக்காக ஜெபிப்போம்" என்றார். சபை முழுவதும் தலை குனிந்தது. ஜெபம் முடிந்ததும் எல்லாருக்கும் மேலே ஒரு குரல் "ஆமென்" என்றது. யார் குரல் என்று திரும்பிப் பார்க்கத் தேவையே இல்லை. சிரிப்பை அடக்க முடியாமல் நான் பாட்டுப் புஸ்தகத்தில் முகத்தை வைத்துக்கொண்டேன்.

மூன்று ஞாயிறு இப்படியே ஜெபமும் ஆமெனுமாகப் போனது.

நடுவில் டிரைவர் அண்ணன் டீச்சர் வீட்டுக்கு வந்தார். நான் அங்கேதான் இருந்தேன். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு படியிலேயே நின்றார்.

"குடுத்துடுங்க டீச்சர். ரோட்ல எவனும் ஒதுங்க மாட்றான். ஹாரன் அடிச்சி அடிச்சிக் கை நோவுது."

"நீ நல்லவன்பா. நீ ஓட்டறே. எரிய வெச்சது நீயா?"

"நான் இல்லீங்க டீச்சர். அவரு போடுன்னாரு, போட்டேன்."

"அப்ப அவர வரச் சொல்லு. ஒரு வார்த்த. எனக்கு வேற ஒண்ணும் வாணாம். வா, காப்பி துன்னுட்டுப் போ."

காப்பியை யாராவது துன்னுவார்களா என்று நான் கேலி செய்தேன். டீச்சரும் சிரித்தார். டிரைவர் அண்ணன் சிரிக்கவில்லை. காப்பியும் குடிக்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு கழிந்த வாரம் நான் பரீட்சை லீவில் வீட்டில் இருந்தேன். அக்காவுக்குத் தலைப்பிரசவம். மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். இரண்டாவது நாள் காலை டாக்டரம்மா வெளியே வந்து, குழந்தை திரும்பவில்லை, திருப்பதிக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்றார். வண்டியில் அக்காவைப் படுக்க வைத்து அம்மாவும் ஒரு நர்சும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நான் முன்னால், டிரைவர் அண்ணனுக்குப் பக்கத்தில். சீட்டுக்கு அடியில் ஆறு வோல்ட் பேட்டரி என் காலில் இடித்துக்கொண்டே வந்தது.

புத்தலப்பட்டில் சந்தை நாள். வெல்ல வண்டிகள், மாடுகள், ஜனம். அது எமர்ஜென்சி வருஷம், சந்தைக்குச் சந்தை ஒரே பயம்: குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடிக்கிறார்கள், வேன் வந்தால் ஓடு. அவர்கள் பார்வையில், தலையில் ஒன்றும் இல்லாத வெளிர் மஞ்சள் வேன் ஒன்று ஹாரனை அலறவிட்டுக்கொண்டு கூட்டத்துக்குள் வருகிறது. ஆபரேஷன் வண்டி வந்துவிட்டது என்று எவனோ ஒருவன் தெலுங்கில் கத்தினான்: "ஆபரேஷன் பண்டி ஒச்சிந்திரா."

கண் மூடித் திறப்பதற்குள் இரண்டு வெல்ல வண்டிகளை ரோட்டுக்குக் குறுக்கே இழுத்தார்கள். மாடுகளை அவிழ்த்து ஓட்டிவிட்டார்கள். நுகத்தடி மண்ணில் இறங்கி, முழு பாரத்தோடு வண்டிகள் ரோட்டில் உட்கார்ந்துவிட்டன. இளவட்டங்கள் எல்லாம் வயலில் இறங்கி ஓடினார்கள். மிச்சம் நின்றவர்கள் கையில் கல் இருந்தது.

நான் இறங்கிக் கத்தினேன். தமிழில் கத்தினேன், தெலுங்கில் கத்தினேன், காலேஜில் படித்த இங்கிலீஷிலும் கத்தியிருப்பேன். ஒரு கல் பானெட்டில் விழுந்தது. நர்ஸ் சொன்னால் கேட்பார்கள் என்று நர்ஸை இறங்கச் சொன்னேன். அது அதைவிட முட்டாள்தனம். வெள்ளைப் புடவையைப் பார்த்ததும், "அதோ டாக்டரம்மா, கத்தி வெச்சிருப்பா" என்று கூட்டம் இன்னும் கெட்டியானது. கடைசியில் அம்மா இறங்கினாள். பின் கதவை அகலத் திறந்துவிட்டு, சந்தைப் பெண்களைப் பார்த்து, "வந்து பாருங்கடி, வந்து உள்ள யாருன்னு பாருங்கடி" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

வெற்றிலைக் கூடைக்காரி ஒருத்தி மட்டும் வந்து எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு அவள் போட்ட சத்தத்தில் கற்கள் கீழே விழுந்தன. அதன் பிறகு அந்த ஜனங்கள் செய்ததை நான் குறை சொல்ல மாட்டேன். மாட்டைத் தேடிக்கொண்டு நிற்காமல், மூட்டைகளை வாரி இறைத்துவிட்டு, வெறும் கையால் வண்டியைத் தூக்கி நகர்த்தினார்கள். முக்கால் மணி நேரம் போயிருந்தது. வண்டி கிளம்பும்போது ஒரு பெரியவர் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வந்தார். அழுதுகொண்டிருந்தார்.

"நாலு கண்ணு எங்க போச்சு நைனா? அது இருந்தா நாங்க குறுக்க அட்டம் போடுவமா?"

என்னிடம் கேட்டார். யாரிடம் கேட்கிறோம் என்று தெரியாமல் கேட்டார்.

அக்கா பிழைத்துக்கொண்டாள். குழந்தை பெண், அழவே இல்லை. மூக்கு எங்கள் நைனா மூக்கு. திருப்பதி டாக்டர், "அர கண்ட முந்து ஒச்சுண்டே...", அரை மணி முன்னால் வந்திருந்தால், என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, கையைக் கழுவப் போய்விட்டார்.

மறுநாள் பஸ்ஸில் சித்தூர் வந்து இறங்கி நேரே பள்ளி மைதானத்துக்குப் போனேன். டீச்சர் பெண்களுக்கு ட்ரில் எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஏய் பி.எஸ்.சி., உங்க அக்காளுக்கு..." என்று ஆரம்பித்தார்.

"பொட்டிக்குள்ள யாரு டீச்சர்?"

அவருக்குப் புரியவில்லை.

"ஊர்ல எல்லாரையும் கேப்பீங்களே. இப்ப நான் கேக்கறேன். உங்க ரூம்ல பதினெட்டு பொட்டி. உள்ள யாரு?"

எல்லாவற்றையும் சொன்னேன். சந்தை, வெல்ல வண்டி, கல், முக்கால் மணி, மூக்கு. நாற்பது பெண்கள் முன்னாலேயே சொன்னேன். அவர் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். "ஒரு வார்த்த வந்து கேட்டிருந்தா குடுத்திருப்பேனே. அந்தாளு கேக்கலியே" என்றார்.

"எங்க அக்கா வந்து கேக்கணுமா? வலியோட எறங்கி வந்து உங்க படியில நின்னு கேக்கணுமா?"

"நீதான வந்து சொன்னே, ஆரஞ்சுன்னு."

"ஆமா. நான்தான் சொன்னேன். ஸ்பேனரும் நான்தான் குடுத்தேன். டிரைவர் வந்து கெஞ்சும்போது பக்கத்துல குந்திக்கினு சிரிச்சதும் நான்தான். என்னை மட்டும் வுட்டுடுவேன்னு நெனச்சீங்களா?"

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அடித்திருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. விசிலை எடுத்து ஊதி, பெண்களை ஸ்டாண்ட் அட் ஈஸ் நிற்க வைத்துவிட்டு வீட்டுக்குள் போனார். பெட்டியோடு வந்தார்.

பட்டப்பகலில், வெளிநோயாளிகள் வரிசை முழுவதும் பார்க்க, வண்டி மேல் ஏறி அவரே பூட்டினார். நான்கு போல்ட்டு. நான் ஸ்பேனர் தரவில்லை. டிரைவர் அண்ணனிடம் வாங்கிக்கொண்டார். மேனேஜர் வராந்தாவில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றார். டீச்சர் இறங்கியதும், "ஆண்டவர் நம்ம ஜெபத்தக் கேட்டார் பாருங்க" என்றார்.

டீச்சர் கை விசில் பக்கம் போனதைப் பார்த்தேன். போன கை திரும்பி வந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு, விளக்கு திரும்பக் கிடைத்ததற்காகச் சபையில் ஸ்தோத்திரம் ஏறெடுத்தார்கள். அக்கா பால் கட்டி ஜுரத்தோடு வீட்டில் படுத்திருந்தாள். அன்று ஆமென் சத்தமாக வரவில்லை. வாசலில் அந்த ஷூ ஜோடியும் இல்லை.

என் ஐந்து விளக்கையும் நைனா கடை இரும்போடு போட்டுவிட்டேன். டீச்சருடன் பேசுவதை விட்டேன். இரண்டு வருஷம் கழித்து சாந்திபுரம் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். பெட்டிகளை என்ன செய்தார் என்று தெரியாது. ஆனால் போவதற்கு முன்னால் ஒரு முறை அவரை ரோட்டில் பார்த்தேன். அதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன்.

காலை வேளை. மைதானத்துக்குப் போகும் அதே ரோடு, அதே இரட்டை வரிசை. நான் சைக்கிளில் எதிர்ப் பக்கம். திருப்பதி பக்கமிருந்து நாலு கண்ணு வந்தது. சிவப்பு சுற்றுகிறது, ஹாரன் அலறுகிறது. நான் சைக்கிளோடு புளிய மரத்தடிக்கு ஒதுங்கினேன். வண்டி வேகம் குறைந்து வளைவில் திரும்பியபோது பின் ஜன்னல் நன்றாகத் தெரிந்தது. படுக்கைச் சுருட்டுகள், ஒரு பலாப்பழம், மூன்று தலைகள். ஒருத்தர் சின்னக் கண்ணாடியில் பார்த்து முடி சீவிக்கொண்டிருந்தார்.

எனக்கே தெரிந்தது. டீச்சர் எனக்கும் முன்னால், வண்டிக்கு இன்னும் பக்கத்தில் நின்றார்.

விசில் அவர் வாயில் இருந்தது. ஊதினால் நாற்பது பேரும் நடு ரோட்டில் நின்றுவிடுவார்கள். ஊதட்டும் என்று எனக்கு வெறியாக இருந்தது. ஊதிவிடக் கூடாது என்று அதே அளவுக்குப் பயமாகவும் இருந்தது.

வரிசையில் கடைசியாக நின்ற சின்னப் பெண், டீச்சரிடமே கற்றுக்கொண்ட கேள்வியை டீச்சரிடமே கேட்டாள்.

"உள்ள யாரு டீச்சர்?"

விசிலை வாயிலிருந்து எடுத்தார். "தெரியாது" என்றார். "ஒதுங்கு."

வண்டி கண்ணிலிருந்து மறைந்த பிறகும், புழுதி அடங்கிய பிறகும், நாற்பது பெண்களும் ரோட்டோரத்திலேயே நின்றுகொண்டிருந்தார்கள். நகரச் சொல்லி விசில் வரவில்லை.